நர்சிங் அசிஸ்டென்ட் படித்துவிட்டு நர்ஸ் ஆக முடியுமா?

திருவட்டாறு பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் வணிகவியல் குரூப் எடுத்து பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணவருக்கு ரப்பர் பால் வெட்டு. மழைக்காலத்தில் வருமானம் நின்றுபோகும். மகளுக்கு நர்ஸ் ஆக ஆசை. மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் நிலையத்தில் ஒரு வருட நர்சிங் அசிஸ்டென்ட் பயிற்சி இருக்கிறதாம். அதை முடித்தால் ஜி.என்.எம். என்கிற நர்ஸ் பட்டயப் படிப்பில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம் என்கிறார்களாம். சேர்க்கலாமா? இன்னொன்று, ரத்தம் பார்த்தால் மகளுக்குத் தலை சுற்றும். அவள் இந்த வேலைக்குச் சரிப்படுவாளா?

முதலில் அந்த இரண்டாம் வருடக் கதை. அப்படி ஒரு வழி கிடையாது. நர்சிங் படிப்புகளுக்கு விதி வகுப்பது இந்திய செவிலியர் குழுமம். அதன் விதிகளில் அசிஸ்டென்ட் சான்றிதழுக்கு எந்தச் சலுகையும் இல்லை. ஒரு வருடம் படித்திருந்தாலும், ஐந்து வருடம் வார்டில் வேலை பார்த்திருந்தாலும், ஜி.என்.எம். முதல் வருடத்தில்தான் உட்கார வேண்டும். சேர்க்கைக்குக் கேட்பது பிளஸ் டூ மார்க் ஷீட்டைத்தான். நேராக இரண்டாம் வருடம் என்பதை அந்த நிலையத்தாரிடம் எழுத்தில் தரச் சொல்லுங்கள், தர மாட்டார்கள்.

அப்படியென்றால் அந்தப் பயிற்சி வீணா? அதுவும் இல்லை. அது ஏணியின் முதல் படி அல்ல. ஏணி சாத்தியிருக்கிற திண்ணை. அங்கே நின்று பார்க்கலாம், கொஞ்சம் சம்பாதிக்கலாம். ஆனால் திண்ணையில் எத்தனை வருடம் நின்றாலும் ஏணியில் ஒரு படிகூட ஏறியதாகாது. பல பெண்பிள்ளைகள் அங்கேயே தங்கிவிடுவதைப் பார்க்கிறேன்.

உங்கள் மகளுக்கு நேர் வழியே திறந்திருக்கிறது. அதை நீங்கள் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை போலிருக்கிறது. வணிகவியல் படித்ததால் நர்சிங் கிடைக்காது என்பது பாதி உண்மைதான். நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். அந்தக் கதவு இப்போது மூடியிருக்கிறது. ஆனால் மூன்று வருட ஜி.என்.எம். படிப்புக்கு அறிவியல் குரூப்பை விரும்புகிறார்களே தவிர, அது கட்டாயம் இல்லை. ஆங்கிலத்தையும் ஒரு பாடமாகப் படித்து, பிளஸ் டூவில் மொத்தமாகவும் ஆங்கிலத்தில் தனியாகவும் 40 சதவீதம் எடுத்திருந்தால் போதும். வயது 17 முதல் 35 வரை. இரண்டு வருட ஏ.என்.எம். (துணைச் செவிலியர், பேறுகால உதவியாளர் படிப்பு) பெண்களுக்கு மட்டும் உள்ளது. அதற்கும் கலைப் பிரிவு, வணிகவியல் மாணவிகள் வரலாம். அரசு இடங்களுக்கு அந்தந்த வருடத்து விவரக் குறிப்பேட்டில் கூடுதல் நிபந்தனைகள் இருக்கும். விண்ணப்பிக்கும் முன் அதை ஒரு வரி விடாமல் படியுங்கள்.

முதல் படி என்று ஒன்றைத் தேடுகிறீர்கள் என்றால் உண்மையில் அது ஏ.என்.எம்.தான். முடித்தவர் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பெயரைப் பதிவு செய்யலாம். கிராமங்களில் தடுப்பூசி, கர்ப்பிணிப் பெண்கள் கவனிப்பு என்று நாம் பார்க்கிற வேலைகள் இந்தப் படிப்பு படித்தவர்களுடையவை. பின்னால் ஜி.என்.எம்.முக்கு விண்ணப்பிக்கவும் அது தகுதி. ஜி.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர், இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரி ஆகிவிடலாம். மூன்றும் இரண்டும் ஐந்து வருடம். பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காததற்கு ஒரு வருடம் கூடுதல், அவ்வளவே நஷ்டம். (வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்து, அவளுக்கும் நர்ஸ் ஆசை இருந்தால், பிளஸ் ஒன்னில் உயிரியல் குரூப்பில் சேர்த்துவிடுங்கள். இந்தச் சுற்றே வேண்டாம்.)

பணம்தான் தடை என்று புரிகிறது. அதனால்தான் ஒரு வருடப் பயிற்சி உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. இரண்டு விஷயங்களை விசாரியுங்கள். மகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் பட்டம் அல்லது பட்டயம் படிக்கிற காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அப்புறம் வங்கிக் கல்விக் கடன். 4 லட்சம் ரூபாய் வரை ஈடு வைக்க வேண்டியதில்லை, வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் கல்லூரி அங்கீகாரம் பெற்றதாக இருந்தால்தான் வங்கி மேனேஜர் ஃபைலைத் திறப்பார். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் இப்போதே இ-சேவை மையத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கல்வி உதவித்தொகைக்கும் அவை வேண்டும்.

இந்த வருடம் சேர்க்கை தவறிவிட்டது, அல்லது வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை என்றால், அப்போது அசிஸ்டென்ட் பயிற்சியை ஒரு வருட ஏற்பாடாக எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு நல்ல பலன் இருக்கிறது. ஜி.என்.எம். முதல் வருடத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் எல்லாம் ஒன்றாக வந்து விழும், அதுவும் ஆங்கிலத்தில். பேரேடும் இருப்புநிலைக் குறிப்பும் படித்துவிட்டு வருகிற பிள்ளை முதல் ஆறு மாதம் திணறும். வார்டில் ஒரு வருடம் பழகியவளுக்கு பல்ஸ், பி.பி., கதீட்டர், டிரஸ்ஸிங் எல்லாம் வெறும் சொல்லாக இல்லாமல் கையில் தொட்ட பொருளாக இருக்கும்.

நல்ல பயிற்சியில் என்ன சொல்லித் தருவார்கள்? நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பு மாற்றுவது, உடம்பு துடைத்துவிடுவது, வாய் சுத்தம், பெட்பேன் வைப்பது, படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து படுக்கைப் புண் வராமல் பார்ப்பது. காய்ச்சல், நாடி, மூச்சு எண்ணுவது. பெரியவர்களுக்கு நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20 என்பது தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். குடித்தது எவ்வளவு, சிறுநீர் போனது எவ்வளவு என்று எழுதி வைப்பது. மருத்துவக் கழிவைப் பிரிப்பது: ரத்தம் பட்ட பஞ்சும் துணியும் மஞ்சள் பையில், கையுறையும் டியூபும் சிவப்பில், ஊசியும் பிளேடும் குத்தினாலும் ஓட்டையாகாத வெள்ளை டப்பாவில், கண்ணாடிக் குப்பி நீலத்தில். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு ஊசியைத் தப்பான பையில் போட்டால், அது துப்புரவுப் பணியாளர் கையில்தான் குத்தும்.

ஊசி போடுவது, டிரிப் ஏற்றுவது, மருந்து கொடுப்பது, இவை அசிஸ்டென்ட் வேலை அல்ல. பதிவு பெற்ற நர்ஸ் வேலை. சின்ன ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் வெள்ளை யூனிஃபார்ம் மாட்டிவிட்டு எல்லோரையும் ‘சிஸ்டர்’ ஆக்கிவிடுகிறார்கள். மூன்றாம் மாதமே பிள்ளை ஊசி போடப் பழகிவிட்டாள் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னால், பெருமைப்படாதீர்கள். ஏதாவது தவறு நடந்தால் அவளைக் காப்பாற்ற ஒரு பதிவு எண்கூட அவளிடம் இருக்காது.

நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைக் கவனியுங்கள். ‘டிப்ளமோ இன் நர்சிங் அசிஸ்டென்ட், இரண்டு வருடம்’ என்று போர்டு இருக்கும். முதல் மூன்று சொல் பெரிய எழுத்தில், நான்காவது சின்ன எழுத்தில். இரண்டு வருடம் செலவழிக்க முடியும் என்றால் அதை ஏ.என்.எம்.முக்குச் செலவழியுங்கள். ‘ஏ.என்.எம்.’ என்றே போட்டிருந்தால், இந்திய செவிலியர் குழுமம், தமிழ்நாடு குழுமம் இரண்டின் இணையதளப் பட்டியலிலும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அசிஸ்டென்ட் பயிற்சிக்கு ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்’ என்ற பெயரில் தேசியத் திறன் தகுதி முறைப்படி சான்றிதழ் உண்டு. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் இலவசப் பயிற்சிகளிலும் இது வரும். காசு கொடுத்துச் சேரும் முன் நாகர்கோவிலில் உள்ள மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். எந்த ஆஸ்பத்திரியில் வார்டுப் பயிற்சி, எத்தனை படுக்கை, வாரத்தில் எத்தனை நாள் என்று கேளுங்கள். பொம்மையை வைத்து மட்டும் பயிற்சி என்றால் எழுந்து வந்துவிடலாம். மார்க் ஷீட், டி.சி. அசலை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள். அடுத்த ஜூனில் ஜி.என்.எம். விண்ணப்பம் போடும் நேரத்தில், ‘மீதி ஃபீஸ் கட்டினால்தான் தருவோம்’ என்பார்கள்.

நம் ஊரில் இன்னொரு இழுப்பு உண்டு. களியக்காவிளை தாண்டினால் கேரளம். அங்கே ஹோம் நர்ஸ் வேலைக்கு ஆள் எப்போதும் தேவை. மலையாளம் பேசத் தெரிந்த நம் பிள்ளைகளை ஏஜென்சிகள் உடனே எடுத்துக்கொள்ளும். மாதம் பிறந்தால் காசு வரும், ஆகவே ஒரு வருடம் மூன்று வருடமாகும். வயதானவரோடு ஒரே வீட்டில் இரவும் பகலும் தங்கி வேலை பார்த்துக்கொண்டே கல்லூரி விண்ணப்பம் போடுவது சாத்தியமே இல்லை. போகிறாள் என்றால், திரும்பி வருகிற மாதத்தை முன்பே குறித்துவிட்டு அனுப்புங்கள். வளைகுடாக் கனவு இருந்தாலும் இதே கணக்குத்தான்: அங்கே நர்ஸ் வேலைக்குப் பதிவும், பதிவுக்குப் பிந்தைய அனுபவமும், தகுதித் தேர்வும் கேட்பார்கள். அசிஸ்டென்ட் அனுபவத்தை அதில் சேர்க்க மாட்டார்கள்.

என் யோசனை இது: இந்த வருடம் ஜி.என்.எம்., ஏ.என்.எம். இரண்டுக்கும் விண்ணப்பம் போடுங்கள். கிடைக்காவிட்டால் மட்டும் அசிஸ்டென்ட் பயிற்சி, அதுவும் ஒரு வருடத்துக்குள் முடிவது. வார்டில் கால் வைக்கும் முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். முதல் ஊசிக்குப் பின் ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று, மொத்தம் மூன்று. நிலையம் போடாவிட்டால் நீங்களே போட்டுக்கொடுங்கள்.

ரத்தம் பார்த்துத் தலை சுற்றுவதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ரத்தம் பார்த்ததும் நாடி குறைந்து ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் வருவது அது, பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. முதல் பிரசவம் பார்த்த அன்று மயங்கி விழுந்து, பின்னால் பிரசவ வார்டிலேயே பேர் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். பழகப் பழக பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும். கண் இருட்டுகிற மாதிரி இருந்தால் தொடையையும் கையையும் இறுக்கி சில நொடி பிடித்து விடச் சொல்லுங்கள், அழுத்தம் ஏறும். அப்படியும் தாங்கவில்லை என்றால் பக்கத்து சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, சுவரோரம் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்ளட்டும். காரணமே இல்லாமல், ரத்தம் பார்க்காத நாளிலும் மயக்கம் வந்தால் அது வேறு, ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். டியூட்டி நாளில் இரண்டு இட்லியாவது சாப்பிடாமல் பிள்ளையை பஸ் ஏற்றிவிடாதீர்கள்.