பூசணிக்காய்ப் பியரில் பூசணிக்காய் உண்மையிலேயே ருசிக்குமா? குடித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ருசிக்காது. பூசணிக்காயை நினைத்துக்கொண்டு குடித்தால் ஏமாற்றமே மிஞ்சும். வாசனைச் சரக்குச் சேர்த்த பியர் என்று நினைத்துக் குடித்தால், நல்லதாக வாய்த்த ஒன்று உங்களுக்குப் பிடிக்கவும் கூடும்.

மார்கழி விடுமுறைக்கு ரொறன்ரோவில் இருந்து யாழ்ப்பாணம் வந்த மச்சான், சாரங்களுக்குள் சுற்றி நான்கு ரின்களைக் கொண்டுவந்திருந்தார். இரண்டு வெவ்வேறு சிறு வடிசாலைகளின் பியர், ஒவ்வொன்றிலும் இரண்டு. அங்கே இவை ஓகஸ்ட் பிற்பகுதியிலேயே கடைக்கு வந்து, ஒக்ரோபர் முடிவில் வரும் ஹலோவீனோடு தேடுவாரற்றுப் போய்விடுமாம். ஆகவே எங்களுக்குக் கிடைத்தவை விலை குறைத்து விற்கப்பட்ட மிச்சம். திருவெம்பாவை முடியும்வரை அம்மா அவற்றைத் திறக்க விடவில்லை.

முதலாவது ரின்னைக் குளிர்சாதனப்பெட்டியில் இருந்து எடுத்த கையோடு ஊற்றிக் குடித்தபோது, சற்றே இனித்த சாதாரண பியராகத்தான் இருந்தது. பனங்கட்டி கரைத்த தண்ணீரின் நிறம். நுரை மெல்லியதாக எழுந்து விரைவிலேயே அடங்கிவிட்டது. மச்சான் கிளாஸை அப்படியே மேசையில் வைக்கச் சொன்னார். கால்மணி நேரம் கழித்து, கிளாஸின் வெளிப்புறத்து வேர்வை காய்ந்த பிறகு மூக்கருகே கொண்டுபோனபோதுதான் கராம்பும், அதன் பின்னால் கறுவாவும், கடைசியில் மிக மெல்லியதாகச் சாதிக்காயும் மணந்தன. குசினி வாசலில் நின்ற அம்மா, "என்னடா, நத்தார் கேக் மணக்குது" என்றார். பியரை ஒருநாளும் வாயில் வைத்தறியாத அவர் சொன்னதைவிடச் சரியான விளக்கம் எனக்கு இன்றுவரை அகப்படவில்லை. குருநகர் நண்பன் வீட்டில் இருந்து ஆண்டுதோறும் வரும் அந்தக் கேக்கிலும், சீனிப்பாகில் ஊறிய நீத்துப்பூசணித் துண்டுகள் சேர்க்கப்படுகின்றன. அதைத் தின்றுவிட்டுப் பூசணி ருசித்தது என்று சொன்ன ஒருவரையும் நான் கண்டதில்லை.

காரணம் எளிமையானது. பூசணிக்காயின் பெரும்பகுதி தண்ணீர். அதில் உள்ள மாப்பொருள், முளைகட்டிய பார்லியோடு சேர்ந்து ஊறும்போது சர்க்கரையாக மாற, அச்சர்க்கரையை மதுவம் (ஈஸ்ற்) தின்று மதுசாரமாக்கிவிடுகிறது. எஞ்சுவது சிறிது நிறமும், வாயில் கொஞ்சம் வழவழப்பும் மட்டுமே. அமெரிக்காவின் குடியேற்றக் காலத்தவர்கள் பூசணியைப் பியரில் போட்டது ருசிக்காக அன்று. பார்லி அரிதாக இருந்த இடத்தில் அதுவே கைக்கு எட்டிய மாப்பொருள் என்பதற்காகத்தான். 1980களில் கலிபோர்னியாவின் ஹேவார்ட் நகரில் இந்த வழக்கத்தைப் புதுப்பித்த பில் ஓவன்ஸ் என்பவரும், பூசணியை மட்டும் போட்டுக் காய்ச்சியதில் அதன் ருசி வராததைக் கண்டே, அங்கே பூசணிப் பை என்னும் இனிப்புப் பண்டத்தில் சேர்க்கும் சரக்குகளைப் பியரிலும் சேர்த்தார். இன்று "பூசணி" என்று விற்பனையாவது அந்தச் சரக்குகளின் வாசனைதான். பல வடிசாலைகள் ரின்னில் அடைத்த பூசணிக் கூழையே பயன்படுத்துகின்றன. ஓகஸ்டில் கடைக்கு வரவேண்டிய பியருக்கு, புதிய பூசணி அறுவடையாகும்வரை காத்திருக்க முடியாது அல்லவா?

இன்னொரு வேறுபாட்டை நம்மவர்களின் நாக்கு உடனே கண்டுகொள்ளும். வட அமெரிக்காவில் கறுவா என்று தூளாக விற்பது பெரும்பாலும் கசியா என்னும் தடித்த பட்டை. நமது கறுவாவை விட அதற்கு உறைப்பும் காட்டமும் அதிகம். நாங்கள் குடித்த முதல் பியரில் தொண்டையில் இறங்கும்போது தெரிந்த இலேசான எரிச்சலுக்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது வகை எனக்குப் பிடிக்கவே இல்லை. கராம்பை அள்ளிப் போட்டிருந்தார்கள். பல்வலிக்குக் கராம்பெண்ணெய் தோய்த்த பஞ்சைக் கடித்ததுபோல நாக்கின் நுனி மரத்துவிட்டது. அரை கிளாஸுக்கு மேல் முடியாமல் மச்சானிடம் தள்ளிவிட்டேன். அதோடு நண்டுக்கறியையும் வைத்துக்கொண்டது எங்கள் முட்டாள்தனம். கறியின் உறைப்பும் பியரின் சரக்கும் மோதி, இரண்டுமே கெட்டன. முதல் வகைக்கு உப்புப் போட்டு வறுத்த கச்சான் மிகப் பொருத்தமாக இருந்தது. ரின்னில் மதுசாரம் 5 வீதம் என்று போட்டிருந்தபடியால், 8.8 வீத லயன் ஸ்ரவுட் குடித்துப் பழகியவர்களுக்கு இது தலைக்கேறும் பானமாகத் தோன்றாது.

ஆகவே வெளிநாட்டில் இருந்து யாராவது கொண்டுவந்தால், ஒரு ரின்னை இரண்டு பேராகப் பகிர்ந்து, குளிர் சற்று விட்டபின் குடியுங்கள். அடுத்த வருடத்துக்கென்று வைத்திருக்கவும் வேண்டாம். நாளாக ஆக முதலில் போவது சரக்கின் மணம்தான். முதல் வகையில் மிஞ்சிய ரின்னைக் கேக்குக்குப் பதிலாகக் குருநகர் நண்பனுக்குக் கொடுத்தேன். கராம்புப் பியர் ஒன்று, நெல்லி கிறஷ் போத்தலுக்குப் பின்னால் இன்னும் கிடக்கிறது.