இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனத்துக்கும் இடையே நிலையான அமைதி வர வாய்ப்பு இருக்கிறதா?

கிட்டத்தில் இல்லை என்பதுதான் என் பதில். போர் நிறுத்தம் வரும், உடையும், மறுபடியும் வரும். எல்லை வகுத்து இரு தரப்பும் மதித்து நடக்கிற அமைதியைக் கேட்டால், அடுத்த பத்து வருடத்துக்குள் நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் இதற்கு டிவி விவாதங்களில் சொல்லும் காரணத்தை நான் ஏற்கமாட்டேன். "ஆயிரக்கணக்கான வருடப் பகை, மதச் சண்டை, தீரவே தீராது" என்பார்கள். மதம் இதில் இருக்கிறது, மறுக்கவில்லை. அடிப்படையில் இது ஒரே நிலத்துக்கு இரண்டு மக்கள் உரிமை கோரும் தகராறு. வயது நூற்றுச் சொச்சம்தான்.

எகிப்தைப் பாருங்கள். 1948, 1956, 1967, 1973 என்று இஸ்ரேலோடு நான்கு போர் போட்ட நாடு. 1977 நவம்பரில் எகிப்து அதிபர் அன்வர் சாதத் ஜெருசலேமுக்கே போய் இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் பேசினார். 1979இல் அமைதி ஒப்பந்தம். 1982இல் இஸ்ரேல், எகிப்திடமிருந்து பிடித்த சினாயைக் காலி செய்தபோது, அங்கே யாமித் என்று தான் கட்டிய ஊரைத் தன் ராணுவத்தை வைத்தே இடித்தது. அப்போது பிரதமர் மெனாகெம் பெகின், சுத்த வலதுசாரி. சாதத்தை 1981இல் அவர் நாட்டு ராணுவத்தில் இருந்த தீவிரவாதிகளே சுட்டுக் கொன்றார்கள். ஒப்பந்தம் இன்றுவரை நிற்கிறது. எகிப்துக்குப் போன நிலம் முழுசாகப் போனது, வாங்கிக்கொள்ள ஓர் அரசும் ராணுவமும் இருந்தன. பாலஸ்தீனர்களுக்கு இந்த இரண்டுமே அமையவில்லை.

1993 செப்டம்பர் 13, வெள்ளை மாளிகைப் புல்வெளி, ஓஸ்லோ ஒப்பந்தம். கிளின்டன் நடுவில் நிற்க இஸ்ரேல் பிரதமர் ராபினும் பாலஸ்தீனத் தலைவர் அரஃபாத்தும் கை குலுக்கிய படம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்கு நான்கு நாள் முன்பு பரிமாறிய கடிதங்களை யாரும் பேசுவதில்லை. பாலஸ்தீன விடுதலை இயக்கம், இஸ்ரேல் என்ற நாடு இருக்கும் உரிமையை ஏற்பதாக எழுதிக் கொடுத்தது. பதிலுக்கு இஸ்ரேல், அந்த இயக்கத்தைப் பாலஸ்தீன மக்களின் பிரதிநிதியாக ஏற்பதாக எழுதியது. தனி நாடு பற்றி ஒரு சொல் இல்லை. ஜெருசலேம், அகதிகள், யூதக் குடியேற்றங்கள், எல்லை ஆகிய சிக்கலான நான்கையும் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார்கள். ஐந்து வருட இடைக்கால ஏற்பாடு, 1999 மே மாதத்தோடு முடிய வேண்டும்.

முடியவில்லை. 1967இல் இஸ்ரேல் பிடித்த பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையை, யார் கட்டுப்பாடு என்பதை வைத்து 1995இல் ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தார்கள். அறுபது சதவீதம் வரும் சி பகுதி இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டில். படிப்படியாகக் கைமாற வேண்டிய அந்தப் பகுதி இன்றும் பெரும்பாலும் அப்படியே கிடக்கிறது. ஓஸ்லோ காலத்தில் மேற்குக் கரையில் சுமார் 1,10,000 யூதக் குடியேறிகள். இப்போது கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமலே ஐந்து லட்சம். பாகப்பிரிவினைக் கேஸ் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு தரப்பு அந்த மனையில் மாடி கட்டிக்கொண்டே போன கதை இது.

அதற்காகப் பழி முழுவதையும் இஸ்ரேல் தலையில் போடவும் நான் தயாரில்லை. மேற்குக் கரையின் ஹெப்ரோன் நகர மசூதியில் 1994 பிப்ரவரியில் தொழுதுகொண்டிருந்த 29 பேரைச் சுட்டுக் கொன்றவன் யூதத் தீவிரவாதி. ராபினை 1995 நவம்பரில் கொன்றவனும் யூதன்தான். அதே காலத்தில் பாலஸ்தீன ஆயுத இயக்கமான ஹமாஸ் பேருந்துகளில் வெடிக்க வைத்த தற்கொலைக் குண்டுகள் இஸ்ரேலிய வாக்காளர்களை மிரட்டின. 1996 தேர்தலில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் நெதன்யாகு வந்ததற்கு அந்தக் குண்டுகளும் காரணம். இரு பக்கத்திலும் உடன்பாட்டை வெறுத்தவர்கள் ஒருவருக்கொருவர் செய்த உதவி கொஞ்சநஞ்சமல்ல.

2000இல் அமெரிக்காவின் கேம்ப் டேவிடில் நடந்த பேச்சு, 2008இல் இஸ்ரேல் பிரதமர் ஓல்மெர்ட் பாலஸ்தீன அதிபர் அப்பாஸிடம் காட்டிய எல்லை வரைபடம் இரண்டும் கைகூடவில்லை. ஓல்மெர்ட் அப்போது ஊழல் வழக்கில் சிக்கிப் பதவி விலகப் போகிறவர். அவரை நம்பி யார் கையெழுத்துப் போடுவார்?

2023 அக்டோபர் 7இல் இஸ்ரேல் மீது ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டு, 251 பேர் பணயக் கைதிகளாகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அதன்பின் காசாவில் 70,000 பேருக்கு மேல் இறந்ததாக அங்குள்ள சுகாதார அமைச்சகம் சொல்கிறது. இப்போது சாதாரண மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கும் வாய்ப்புக்கூடக் குறைந்துவிட்டது. போருக்கு முன் இஸ்ரேலுக்குள் வேலைக்குப் போய்வந்த பாலஸ்தீனர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல், பலர் கட்டடத் தொழிலாளர்கள். அவர்களுடைய அனுமதி நின்றுபோக, கட்டட வேலைக்கு ஹரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் ஆளெடுத்தார்கள். 2024 ஜூலையில் இஸ்ரேல் நாடாளுமன்றம் பாலஸ்தீன நாட்டுக்கு எதிராக 68க்கு 9 என்று தீர்மானம் போட்டது. பாலஸ்தீன நிர்வாகம் இயங்கும் ரமல்லாவிலோ, நான்கு வருடத்துக்கென 2005இல் தேர்வான அப்பாஸ் இன்னும் அதிபர்.

2025 அக்டோபரில் போரை நிறுத்திய டிரம்ப்பின் 20 அம்சத் திட்டத்தை நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு சபை ஏற்றது. பாலஸ்தீனச் சீர்திருத்தமும் காசா புனரமைப்பும் முன்னேறினால் தனி நாட்டுக்கு வழி பிறக்கலாம் என்கிறது தீர்மானம். தேதி இல்லை. ஓஸ்லோவிலாவது ஐந்து வருடம் என்று ஒரு கணக்கு இருந்தது.

பிறகு எதைக் கவனிக்கலாம் என்றால், இரண்டைச் சொல்வேன். ஒன்று, 2002 முதல் இஸ்ரேல் சிறையில் இருக்கும் பாலஸ்தீனத் தலைவர் மர்வான் பர்கூத்தி. கொலை வழக்குகளில் ஐந்து ஆயுள் தண்டனை பெற்றவர். ஆனால் அதிபர் தேர்தல் வைத்தால் அப்பாஸையும் ஹமாஸையும் தோற்கடிக்கக்கூடியவர் என்று பாலஸ்தீனக் கருத்துக்கணிப்புகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. 2025 கைதிப் பரிமாற்றத்திலும் அவரை விடுவிக்க இஸ்ரேல் மறுத்துவிட்டது.

இன்னொன்று, கிழக்கு ஜெருசலேமுக்கும் மாலே அதுமிம் என்ற யூதக் குடியேற்றத்துக்கும் நடுவில் உள்ள இ-1 என்ற நிலம். அங்கே சுமார் 3,400 வீடுகளுக்கு 2025 ஆகஸ்டில் அனுமதி கொடுத்தார்கள். கட்டி முடித்தால் மேற்குக் கரையின் வடக்கும் தெற்கும் ஒட்டாமல் போகும். கிழக்கு ஜெருசலேமும் தனியாகும். இதைத் தடுக்க அமெரிக்காவால் முடியாது என்பதெல்லாம் சும்மா. 1991இல் மூத்த புஷ், இஸ்ரேல் கேட்ட 1,000 கோடி டாலர் கடன் உத்தரவாதத்தைக் குடியேற்றங்களைக் காட்டி நிறுத்தி வைத்தார். மறு வருடத் தேர்தலில் பிரதமர் ஷமீர் தோற்று ராபின் ஜெயித்ததில் அதற்கும் பங்கு உண்டு. அப்படி ஒரு அழுத்தம் இப்போது வந்து, இ-1 வேலை நின்றால், தொடக்கத்தில் சொன்ன பத்து வருடக் கணக்கை நான் திருத்திக்கொள்வேன்.