தவறாக நினைத்து

அன்புள்ள ஐயா,

டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். என் மகள் ஏழாம் வகுப்பு. அவளுடைய நெருங்கிய தோழி ஹிஜாப் போடும் பாகிஸ்தானியப் பெண். போன வாரம் பள்ளிப் பேருந்தில் ஒரு பையன் இருவரையும் பார்த்து "டெரரிஸ்ட்" என்று கத்தியிருக்கிறான். "தவறா நினைச்சுட்டான், நாங்க முஸ்லிம் இல்லைன்னு சொல்லிடு" என்றேன். அன்றிலிருந்து மகள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பள்ளியை மாற்றிவிடலாமா?

சு.

அன்புள்ள சு.,

பள்ளியை மாற்றுவது உங்கள் விருப்பம். என்னைப் பிடித்து நிறுத்தியது 'தவறா நினைச்சுட்டான்' என்ற சொல். பல நாளாக என் மண்டையைக் குடைவதும் அதுதான்.

2001 செப்டம்பர் 15. நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்த நான்காம் நாள். அரிசோனாவின் மேசா நகரில் பல்பீர் சிங் சோதி தன் பெட்ரோல் பங்க் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். பூச்செடி நட்டுக்கொண்டிருந்தார். சீக்கியர், தாடி, தலைப்பாகை. 'முஸ்லிம் என்று தவறாக நினைத்துக் கொன்றார்கள்' என்றே இன்றுவரை எழுதுகிறோம். அதே நாளில் உங்கள் டல்லாஸில் வக்கார் ஹசன் தன் கடைக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் முஸ்லிம். அப்படியென்றால் அவரைச் சரியாக நினைத்துக் கொன்றார்களா? சொல்லுங்கள். சோதிக்கு 'தவறாக' என்று எழுதும்போதே ஹசனுக்கு 'சரியாக' என்று எழுதிவிடுகிறோமே!

ஹசனின் மனைவியும் நான்கு மகள்களும் நியூஜெர்சியில் இருந்தார்கள். குடியேற்ற விண்ணப்பம் அவர் பெயரில் இருந்ததால் அவரோடு அதுவும் போயிற்று. கொலையுண்டவரின் குடும்பம் நாடு கடத்தப்படும் நிலையில் நின்றது. 2004-ல் அமெரிக்க காங்கிரஸ் அவர்களுக்கென்றே தனிச் சட்டம் போட்ட பிறகுதான் நிலைமை மாறியது.

ஹசனைக் கொன்றவன் மூன்று வாரத்துக்குள் பக்கத்து மெஸ்கீட் நகரில், இந்தியாவிலிருந்து வந்த இந்துவான வாசுதேவ் படேலையும் கொன்றான். இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நம் ஆள்மீதும் பட்டது என்பதால்தான் அது கொடுமை என்று ஆகிவிடக் கூடாது. சீக்கியர்களில் பலர் 'நாங்கள் முஸ்லிம்கள் அல்ல' என்ற வாக்கியத்தைத் தப்பிக்கும் வழியாகச் சொல்ல மறுத்தார்கள். அடி வாங்கியவர்கள் மறுத்ததை நீங்கள் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது, சு.

2017 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒரு நண்பனோடு விமான நிலையத்தில் காத்திருந்தேன். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள ஏழு நாட்டவர் அமெரிக்காவுக்குள் நுழைய டிரம்ப் தடை போட்ட ஆணை வந்து சில வாரங்கள். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் நான்கு மணி நேரம் முன்பே வந்துவிட்டான். காயல்பட்டினத்திலிருந்து அவன் உம்மா போனில் பேசினார். கடைசியில் அவர் ஸலாம் சொன்னது எனக்கே கேட்டது. நண்பன் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தான். "சரிம்மா, வச்சிடுறேன்" என்றான். பதில் ஸலாம் சொல்லவில்லை. அப்புறம் வெகுநேரம் அணைந்த போனைக் கையிலேயே வைத்திருந்தான். ஐம்பது வயது ஆள், பெற்ற தாய்க்குச் சொல்ல வேண்டிய பதிலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

உங்கள் மகள் தோழியை விட்டு விலகி நிற்க மறுத்திருக்கிறாள். அவளை நல்லபடியாகத்தான் வளர்த்திருக்கிறீர்கள், அம்மா. அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். தோழியின் பெற்றோரோடு சேர்ந்து போய்ப் பள்ளியில் எழுத்தில் புகார் கொடுங்கள். அந்த வார இறுதியில் அவர்களைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். கறி எடுப்பதாக இருந்தால் ஹலால் கடையில் எடுங்கள்.