பீரோவில் பூட்டி வைத்த போகிமான்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு படிக்கிறான். தக்கலைப் பக்கம் இருக்கிறோம். சவுதியில் வேலை பார்க்கும் என் தம்பி லீவுக்கு வந்தபோது மருமகனுக்கென்று நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற கையடக்க வீடியோ கேம் கருவியும், போகிமான் ஸ்கார்லெட் என்ற கேமும் வாங்கி வந்தான். "மிருகங்களைப் பிடித்துச் சண்டை போடவிடுகிற விளையாட்டு, பிள்ளை மனசு கெட்டுப்போகும்" என்று ஜெபக்கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னதிலிருந்து பெட்டியைப் பிரிக்காமல் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். பையன் பீரோவையே சுற்றிச் சுற்றி வருகிறான். கொடுக்கலாமா?

பதில்: பீரோவைத் திறந்துவிடுங்கள். எனக்கும் ஒரு கவலை உண்டு. ஆனால் அது அந்த அக்காவின் கவலை இல்லை.

முதலில் சண்டை விஷயம். போகிமான் என்பது 'பாக்கெட் மான்ஸ்டர்' என்பதன் சுருக்கம். பாதிப் பயம் அந்தப் பெயரால் வருவதுதான். 1996-ல் ஜப்பானில் முதல் கேமை உருவாக்கிய சதோஷி தாஜிரி, சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். அந்த ஞாபகத்தில் பிறந்த விளையாட்டு இது. தும்பி வாலில் நூல் கட்டிக் கல் தூக்கவைத்த நம் தலைமுறை இதைப் பார்த்து முகம் சுளிக்க முடியாது. ஸ்கார்லெட்டில் ஸ்கேட்டர்பக் என்றொரு புழு கிடைக்கும். ஒன்பதாம் லெவலில் அது கூட்டுக்குள் ஒடுங்கும், பன்னிரண்டில் வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். வேலியோரத்து எருக்கலையில் பிள்ளைகள் பார்ப்பதும் இதைத்தானே!

சண்டை என்பது சதுரங்கம் மாதிரி ஆளுக்கொரு நகர்த்தல். தண்ணீர் நெருப்பை வெல்லும், நெருப்பு செடியை, செடி தண்ணீரை. பிராணிகளில் இப்படி 18 வகைகள். ரத்தம் கிடையாது. தோற்ற பிராணி சாகாது, மயங்கிவிழும். போகிமான் சென்டருக்குக் கொண்டுபோனால் காசு வாங்காமல் தெளியவைத்து அனுப்புவார்கள். ஆவி வகைப் பிராணிகளும் உண்டு. சிலவற்றின் குறிப்புகளைப் படித்தால் லேசாகச் சில்லிடும். ராத்திரி தனியாகப் பாத்ரூம் போகப் பயப்படுகிற பிள்ளை என்றால் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

கதை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில்தான் எல்லாம் தொடங்குகிறது. கேலி பொறுக்காமல் வகுப்பைவிட்டு ஒதுங்கிய மாணவர் கூட்டம் ஒன்று வரும். நோய்வாய்ப்பட்ட தன் நாயைப் பிழைக்கவைக்க மூலிகை தேடி அலைகிற பையன் ஒருவனும் வருவான். பையனோடு பேச உங்களுக்கு நிறைய இருக்கும்.

சரி, என் கவலைக்கு வருகிறேன். இந்தக் கேமில் தமிழ் இல்லை, யாரும் வாய்திறந்து பேசுவதும் இல்லை. எல்லாமே எழுத்து, திரையின் அடியில் வரிவரியாக ஓடும். எங்கே போக வேண்டும், எந்த அடி ஏன் பலிக்கவில்லை என்பதெல்லாம் அந்த வரிகளில்தான் இருக்கிறது. பெட்டியின் மூலையில் அமெரிக்கப் பதிப்பென்றால் 'E' (எல்லாருக்கும் என்று அர்த்தம்), ஐரோப்பியப் பதிப்பென்றால் '7' என்று வயதுக்குறி போட்டிருக்கும். பலரும் அதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த வயதில் பார்க்கத் தகாதது எதுவும் உள்ளே இல்லை என்பதுதான் அதன் பொருள். அந்த வயதுப் பிள்ளைக்கு வாசித்து விளங்கும் என்று அது சொல்லவில்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளை 'ஏ' பட்டனை டக் டக்கென்று அமுக்கித் தள்ளிக்கொண்டே போகும். யோசனை போய்விடும், விரல் மட்டும் ஓடும். அதனால் முதல் வாரம் பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு வரியையும் அவன் வாசித்து உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். பத்தில் ஆறேழு விளங்கினால் போதும், மீதி தானாக வரும். அடி பலமாகப் பலித்தால் திரையில் வரும் 'சூப்பர் எஃபெக்டிவ்' என்பதற்கு இரண்டே நாளில் அவனே அர்த்தம் சொல்வான். ஒன்றுமே விளங்கவில்லையென்றால் ஒரு வருஷம் பொறுக்கலாம். கேம் கெட்டுப்போகாது.

நேரம்: 5 முதல் 10 வயதுவரை டிவி, போன் எல்லாம் சேர்த்தே நாளுக்கு 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குழந்தைநல மருத்துவர்களின் வழிகாட்டல். இதற்கு 45 நிமிஷம் தாராளம். நிண்டெண்டோவின் பேரன்டல் கன்ட்ரோல் ஆப்பை உங்கள் போனில் போட்டுக் கணக்கு வைத்துவிடலாம். "ஒரு நிமிஷம் அம்மா, இன்னும் சேவ் பண்ணல" என்று கெஞ்சுவான். அது பொய் அல்ல, சண்டைக்கு நடுவில் சேவ் பண்ண முடியாது. ஆனால் மேலே இருக்கிற பவர் பட்டனை லேசாகத் தட்டினால் கேம் அப்படியே உறங்கும். நாளைக்கு அதே இடத்தில் எழுந்திருக்கும். இந்த ஒரு பட்டன் தெரிந்தால் வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

பணம்: போன் கேம்கள் மாதிரி இடையிடையே காசு கேட்டு நச்சரிக்காது. இணையத்தில் அடுத்தவரோடு ஆடுவதற்குத் தனிச் சந்தா உண்டு, இப்போதைக்கு அது வேண்டாம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கேம் அடங்கிய அந்தக் குட்டிக் கார்டு பத்திரம். வாயில் போட்டால் துப்பட்டும் என்று கடுங்கசப்பு மருந்து பூசியிருக்கிறார்கள். ஆர்வக்கோளாறில் நக்கிப் பார்த்தவன் சொல்கிறேன், வேப்பங்கொழுந்து தோற்றுவிடும்.

அப்புறம், கொஞ்ச நாளில் "வயலட்டும் வேணும்" என்று ஆரம்பிப்பான். வயலட் என்பது ஸ்கார்லெட்டின் ஜோடிக் கேம். ஸ்கார்லெட்டில் இல்லாத சில பிராணிகளை அதில் வைத்திருக்கிறார்கள், வியாபாரத் தந்திரம். கதை அநேகமாக ஒன்றுதான். சவுதிக்குப் போன் போட்டுவிடாதீர்கள். வயலட் வைத்திருக்கும் கூட்டாளி யாராவது அகப்பட்டால் இரண்டு ஸ்விட்சையும் பக்கத்தில் வைத்து, சந்தா இல்லாமலே பிராணிகளை மாற்றிக்கொள்ளலாம்.