காபித் தட்டும் சிலந்தி நூலும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆத்தங்குடிக் கல் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையின் நடுவில் "பொங்கல் விடுமுறை முழுக்க ஸ்பைடர்மேன் ஆடித் தீர்த்தேன்" என்று ஒரு வரி வந்தது. நிஜமாகவா? நான் புதுவயல்காரன், பெங்களூரில் வேலை பார்க்கிறேன். இரவு பத்து மணிக்கு மேல் எனக்கும் இந்த வீடியோ கேம்தான் பொழுதுபோக்கு. சூப்பர் ஹீரோ கேம் என்றால் விடியும்வரை உட்காருவேன். ஆனால் இந்த உளவாளி கேம்கள் மட்டும் ஒத்துவரவில்லை. மச்சான் ஹிட்மேன் வாங்கிக் கொடுத்தார். அரைமணி நேரத்தில் ஏழு தடவை மாட்டிக்கொண்டேன். எட்டாவது தடவை எல்லாரையும் சுட்டுவிட்டு, கேமையே அழித்துவிட்டேன். ஒளிந்து ஒளிந்து போவதில் என்ன சுகம்? நீங்கள் இரண்டையும் ஆடியிருந்தால் எது பிடித்தது என்று எழுத முடியுமா? அப்புறம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இந்த வயதில் நேரம் வீணாகிறதே என்று தோன்றியதில்லையா?

அன்புடன்,
புதுவயல் வாசகன்

அன்புள்ள தம்பி,

அந்த வரி விளையாட்டுக்கு எழுதியதல்ல. ஆடித்தான் தீர்த்தேன். பெட்டி என்னுடையதில்லை. அக்கா மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது பிஎஸ்5, இரண்டு கன்ட்ரோலர், ஒரு மஞ்சப்பை நிறைய டிஸ்க் எல்லாவற்றையும் "மாமா, கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று காரைக்குடியில் என் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். தூசி படியாமல் துடைத்து வைப்பது மட்டும்தான் என் பொறுப்பு. துடைத்தவன் ஒருநாள் சொருகிப் பார்த்தேன். வயது 54. நேரம் வீணாகிறதா என்று கேட்கிறீர்கள். எங்கள் தெருவில் திண்ணையில் உட்கார்ந்து காலையிலிருந்து சீட்டாடுகிறவர்களை யாரும் அப்படிக் கேட்பதில்லை. விடுங்கள்.

ஸ்பைடர்மேனிலிருந்து தொடங்குகிறேன். இன்சோம்னியாக் நிறுவனம் செய்த மூன்றையும் வரிசையாக முடித்தேன்: 2018இல் வந்தது, 2020இல் மைல்ஸ் மொராலஸ், 2023இல் இரண்டாம் பாகம். கதையெல்லாம் அப்புறம். அந்த ஊஞ்சல்தான் கேம். பொத்தானை அழுத்திப் பிடித்தால் மணிக்கட்டிலிருந்து நூல் பாய்ந்து ஏதோ ஒரு கட்டடத்தைப் பிடிக்கும். கையை எடுத்தால் பறப்போம். எப்போது எடுக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் முழுக்க இருக்கிறது. ஊசல் அடிமட்டத்துக்கு வரும்போது விட்டால் முன்பக்கம் வெகுதூரம் பாய்வோம். மேலேறும்போது விட்டால் உயரம் கிடைக்கும். சின்ன வயதில் ஊஞ்சல் பலகையில் நின்றபடி உந்தியவர்களுக்கு இது பழக ஐந்து நிமிடம் போதும். எனக்குப் பத்து ஆனது.

நூல் எதையாவது பிடித்தாக வேண்டும் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மன்ஹாட்டனில் வானுயரக் கட்டடங்களுக்கு நடுவே அம்பாகப் போகிறவர், சென்ட்ரல் பார்க்குக்குள் நுழைந்ததும் மரக்கிளைகளை நம்பித் தரையை உரசிக்கொண்டு போவார். எங்கள் ஊர்க் கல்லுக்கட்டியில் அவரை இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். இரண்டு மாடிக்கு மேல் பிடிக்க எதுவும் கிடைக்காது. செக்காலை ரோடு வரைக்கும் டவுன் பஸ்ஸில்தான் வர வேண்டும்.

சண்டை எனக்கு ஒத்துவரவில்லை. நாலு பக்கமிருந்தும் ஆள் வருகிறான், தலைக்குமேல் வெள்ளைக் கோடு மின்னுகிறது, அதற்குள் விலக வேண்டும். என் விரல்களுக்கு அந்த வேகம் இல்லை. இரண்டாம் பாகத்தின் செட்டிங்ஸில் கேமின் ஓட்டத்தையே 70 சதவீதமாகக் குறைக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டேன். வெட்கமில்லை. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லையா?

கதையில் வெனம், கிரேவன் என்று வில்லன்கள் வருகிறார்கள், பெரிய பெரிய அழிவு. அதெல்லாம் இப்போது கலங்கலாகத்தான் நினைவிருக்கிறது. மறக்காதது ஹோவர்ட். தெருவில் வசிக்கும் புறாக்காரக் கிழவர். முதல் பாகத்தில் ஓடிப்போன புறாக்களைப் பிடித்துத் தரச் சொல்வார். நாமும் ஊரெல்லாம் துரத்திப் பிடித்துக் கொடுப்போம், கொஞ்சம் எரிச்சலோடுதான். இரண்டாம் பாகத்தில் மறுபடி வருகிறார். பறவைகளை இன்னொரு இடத்துக்குக் கூட்டிப்போய்ச் சேர்க்கச் சொல்கிறார். கைக்கடியில் சிறகை விரித்து நாம் மிதக்க, புறாக் கூட்டம் கூடவே பறந்து வருகிறது. அடிக்க ஆள் இல்லை. அந்தப் பறத்தல் முடிகிறபோது கிழவர் இருக்கமாட்டார். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஆனால் தம்பி, ஒருநாள் வேலையற்றுப்போய் ஒரு கட்டடத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே சோபா, விளக்கு, சுவரில் படம். தலையைச் சாய்த்தால் அறையின் பக்கச் சுவர்கூடத் தெரிகிறது. உள்ளே போக முடியாது. அப்படி ஓர் அறையே அங்கே இல்லை. ஜன்னல் வெறும் தட்டையான பரப்பு. நாம் நகர நகர ஆழம் இருப்பதுபோலக் கணக்குப் போட்டு வரைந்து காட்டுகிறார்கள். இன்டீரியர் மேப்பிங் என்று பெயர். அத்தனை ஆயிரம் ஜன்னலுக்கும் நிஜ அறை கட்டினால் எந்த மெஷினும் தாங்காது, அதனால் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த ஊர் எனக்கு முகப்பு மட்டும் உள்ள ஊராகிவிட்டது. கதையில் வரும் சில இடங்களைத் தவிர அவர் எந்த வீட்டுக்குள்ளும் போவதில்லை. காப்பாற்றுகிற ஊரின் அடுப்படி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

பேட்மேன் கொஞ்சம் பரவாயில்லை. 2009இல் வந்த ஆர்க்கம் அசைலம் கேமில் அறைகள் உண்டு, காற்றுக்குழாய்கள் உண்டு, உத்தரத்துக் கல்பொம்மைமேல் உட்கார்ந்து கீழே நடக்கிற ஆட்களை ஒவ்வொருவராகத் தூக்கலாம். அதைச் செய்த ராக்ஸ்டெடி 2015இல் ஆர்க்கம் நைட் முடித்து, ஒன்பது வருடம் கழித்து சூசைட் ஸ்குவாட் கொண்டுவந்தார்கள். மொட்டைமாடிக்கு மொட்டைமாடி தாவி ஊதா நிறப் பூச்சிகளைச் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மாலை ஆடினேன். டிஸ்க் பையில் அடியில் கிடக்கிறது.

இப்போது ஹிட்மேன். நீங்கள் ஏழு தடவை மாட்டிய கேம்.

என் அப்பா கல்யாணச் சமையல் கோஷ்டியில் இருந்தவர். எழுபதுகளின் முடிவிலும் எண்பதுகளிலும் பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளில் விசேஷம் என்றால் மாஸ்டர் பின்னால் அப்பா போவார், லீவு நாளானால் அப்பா பின்னால் நான். அந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் என்பது உங்களுக்குத் தெரியும். விருந்தாளிகள் முகப்பு வழியாக வருவார்கள். நாங்கள் அடுத்த தெருவிலிருந்து, விறகும் அண்டாவும் இறங்குகிற பின்வாசல் வழியாக. கோட்டையடுப்பில் தொடங்கி அந்த வீட்டை நான் தலைகீழாகத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் அடுப்படி, அப்புறம் பந்தி நடக்கிற கட்டு, அப்புறம் வளவு என்கிற நடு முற்றம். முகப்பு கடைசியில், அதுவும் தூரத்தில் ஒரு வெளிச்சமாக.

ஒரு கல்யாணத்தில் மாடியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று எனக்கு ஆசை. பதினோரு வயது. பெல்ஜியம் கண்ணாடி இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். ஒரு தட்டில் நாலு டம்ளர் காபியை வைத்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தேன். பந்திக் கட்டைத் தாண்டினேன், வளவைத் தாண்டினேன், பட்டுப்புடவை ஆச்சிகள் வழிவிட்டார்கள், படியேறினேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாடி ஹாலில் சீட்டாடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே டம்ளரை எடுத்து, "சர்க்கரை கம்மிதானே?" என்றார். "ஆமாங்க" என்றேன். கண்ணாடியையும் பார்த்தேன். அதில் துண்டும் தட்டுமாக நான் நின்றேன். இறங்கும்போது படியடியில் மாஸ்டரின் வலதுகை நின்றுகொண்டிருந்தார். "மாடிக்குக் காபி யாருடா போடச் சொன்னது?"

அன்று இரவு அப்பா திட்டவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்: "பெரிய வீட்டில் சும்மா நிற்கக் கூடாது. கையில் ஒரு வேலை இருக்கிறவனை யாரும் கேட்கமாட்டார்கள். நம்ம ஆள்தான் கேட்பான்."

இதற்குமேல் ஹிட்மேனில் ஒன்றுமில்லை, தம்பி. டென்மார்க்கில், கோப்பன்ஹேகனில் இருக்கும் ஐ.ஓ. இன்டராக்டிவ் நிறுவனத்தார் 2016, 2018, 2021 என மூன்றாக வெளியிட்டு, 2023இல் எல்லாவற்றையும் ஒரே கட்டாக்கினார்கள். மொட்டைத்தலைக் கூலிக்கொலையாளி ஏஜென்ட் 47 யாருடைய உடையைப் போட்டுக்கொண்டாலும் அந்த ஆளாகிவிடுவார். சமையல்காரர் உடை என்றால் சமையல்கட்டு திறக்கும். காவலாளி உடை என்றால் மாடி திறக்கும். ஆனால் சிலர் தலைக்குமேல் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பெரும்பாலும் அதே வேலையில் இருக்கிறவர்கள், மேற்பார்வை பார்க்கிறவர்கள். முதல்முறை அந்தப் புள்ளியைப் பார்த்தபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மாஸ்டரின் வலதுகை! அவர்கள் வரும்போது என்ன செய்ய வேண்டும் என்றால், மேஜையைத் துடைக்கும் இடத்தில் போய் நின்று துடைக்க வேண்டும். அதற்கென்று பொத்தான் இருக்கிறது. துடைக்கிறவரை கண்டுகொள்ளமாட்டார்கள். எங்கப்பா கோப்பன்ஹேகன் போனதில்லை.

சப்பியன்ஸா என்று ஒரு லெவல். இத்தாலியக் கடலோர ஊர், அதில் ஒரு பெரிய வில்லா, அடியில் குகைக்குள் ரகசிய ஆய்வகம். ஆளைத் தீர்த்துக்கட்ட வேண்டியது கடமை. நான் முதல் மூன்று மாலையும் யாரையும் தொடவில்லை. சமையல்கட்டுக்கு எந்தக் கதவு, தோட்டக்காரர் எந்த வழியாக வருகிறார், எவன் எங்கே நின்று சிகரெட் பிடிக்கிறான் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு நடை உண்டு, சுற்றிவந்து அதே இடத்துக்கு வருவார்கள். நீங்கள் இந்தச் சுற்றைப் பார்க்காமல் நேரே வாசலுக்குப் போயிருப்பீர்கள். அதுதான் ஏழு தடவை.

2018 பாகத்தில் மும்பை வருகிறது. சால் என்கிற நெருக்கமான வரிசை வீடுகள், துணி வெளுக்கும் இடம், ரயில் யார்டு, பாதி கட்டிய கோபுரம். தீர்த்துக்கட்ட வேண்டிய மூன்று பேரில் ஒருவன் முகம் நமக்கே தெரியாது, கூட்டத்தில் தேடிப் பிடிக்க வேண்டும். முகச்சவரம் செய்கிறவராகவும் தையற்காரராகவும் மாறலாம். கழுத்தை நம்பிக் கொடுப்பது அவர்களிடம்தானே. பேச்சு எல்லாம் இங்கிலீஷில்தான், அது கொஞ்சம் உறுத்தியது. இன்னொன்றும் நம்பும்படி இல்லை. காவலாளியின் கவனத்தைத் திருப்ப ஒரு காசைச் சுண்டிப் போட்டால், சத்தம் கேட்டு ஒருவன் வந்து பார்க்கிறான். காசு விழுந்த சத்தத்துக்கு ஒருவனா? எங்கள் ஊரில் நாலு பேர் வந்திருப்பார்கள்.

கொலைதானே, அதில் என்ன ரசனை என்று அடுத்த கடிதம் வரும். வரட்டும். உண்மையைச் சொன்னால், காரியம் முடிந்த நொடியில் எனக்கு அந்த லெவல் சப்பென்று ஆகிவிடுகிறது. வீடு தெரிந்துவிட்டது, இனி வெளியே போக வேண்டியதுதான்.

மெட்டல் கியர் சாலிட் டெல்டா என்று இன்னொரு உளவாளி கேம், பழையதைப் புதிதாகச் செய்தது, 2025 ஆகஸ்டில் வந்தது, பாதியில் இருக்கிறேன். 1964, சோவியத் காடு, பாம்பைப் பிடித்துத் தின்று உயிர் வாழ வேண்டும். இதில் ஒரு கிழட்டு ஸ்னைப்பர் வருவார். 2004இல் வந்த மூல கேமில் அவரோடு மோதும்போது சேவ் செய்துவிட்டு ஒரு வாரத்துக்குமேல் தொடாமல் விட்டால், திரும்பி வரும்போது வயோதிகத்தால் போய்ச் சேர்ந்திருப்பார். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு அவரிடம் போகவே மனசில்லை. ஹிட்மேன்காரர்களின் ஜேம்ஸ் பாண்ட் கேமை இன்னும் ஆடவில்லை. 2020இல் அறிவித்ததிலிருந்து காத்திருந்த கேம்.

உங்களுக்கு எது என்று கேட்டால்: அழித்ததை மறுபடி இறக்குங்கள். சப்பியன்ஸாவிலிருந்து தொடங்குங்கள். முதல் ஒரு மணி நேரம் துப்பாக்கியை எடுக்க வேண்டாம். சமையல்கட்டு உடையைத் தேடுங்கள்.

புதுவயலுக்கு எப்போது வந்தாலும் ஒரு எட்டு காரைக்குடி வாருங்கள், சேர்ந்து ஆடலாம். நல்ல கன்ட்ரோலரை நான் வைத்துக்கொள்வேன். இரண்டாவதில் இடது குச்சி தானாக இழுக்கிறது. ஒரு கடையில் கொடுத்தேன், 600 ரூபாய் வாங்கிக்கொண்டு துடைத்துக் கொடுத்தார்கள். இப்போது யாரும் தொடாதபோதும் ஸ்பைடர்மேன் மெதுவாக இடப்பக்கம் நடந்துபோய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறார்.

அன்புடன்,
அண்ணன்