நாலு மணிக்குப் பிறகு பிள்ளைகளை யார் பார்ப்பது?

வணக்கம் மேடம்,

குடியாத்தத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வயது 34. பேரணாம்பட்டு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஏழு வருடமாக அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் லைனில் வேலை. சம்பளம் 13,000 ரூபாய், பிடித்தம் போக 11,300 கைக்கு வரும். பெயிண்டிங் வேலைக்குப் பெங்களூர் போன கணவர் மூன்று வருடமாக வீட்டுக்கு வருவதில்லை, பணமும் அனுப்புவதில்லை. விவாகரத்து ஆகவில்லை.

மகள் ஏழாவது படிக்கிறாள், மகன் இரண்டாவது. இருவருமே அரசுப் பள்ளி. காலை 7 மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் வீடு திரும்ப 6.30 ஆகிவிடும். பள்ளி விட்டதும் தம்பியை அழைத்து வருவது, சோறு வைப்பது, அவனைப் படிக்க உட்கார வைப்பது எல்லாம் மகள்தான். போன மாதம் அவளுடைய டீச்சர் கூப்பிட்டு, “வகுப்பில் தூங்குகிறாள், வீட்டுப்பாடம் எழுதுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை” என்றார். நான் அவளைத் திட்டினேன். “நீ இருந்தும் இல்லாத மாதிரிதானேம்மா” என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

இப்போது கம்பெனியில் சூப்பர்வைசராகப் போடுகிறோம் என்கிறார்கள். 3,500 ரூபாய் கூட வரும். ஆனால் இரவு 8 மணி வரை நிற்க வேண்டும், வீடு சேர 9 ஆகும். என் அக்கா முதல் குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள். “வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே பீடி சுற்று, பிள்ளைகள் கண் முன்னாடி இருக்கும்” என்கிறாள். சிரசுத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்களும் அதையே சொன்னார்கள். சூப்பர்வைசர் ஆவதா, வேலையை விடுவதா? நான் பணத்துக்காகப் பிள்ளைகளை விட்டுவிட்டேனா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இல்லை. நீங்கள் பிள்ளைகளை விட்டுவிடவில்லை. மூன்று வருடமாக இரண்டு பேர் வேலையை ஒருவராகச் செய்துகொண்டிருக்கிறீர்கள். அதில் ஒரு பகுதி உங்கள் கையை மீறி மகளின் தோளுக்குப் போய்விட்டது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியும்.

அக்காவோடு உங்களை ஒப்பிடுவதை நிறுத்துங்கள். அக்கா வேலையை விட முடிந்ததற்குக் காரணம் அந்த வீட்டில் இன்னொரு சம்பளம் இருந்தது. தம்பதியாக இருக்கும் குடும்பத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஒருவர் லீவு போடலாம், மற்றவர் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பார்த்து ஈடுகட்டலாம். ஒற்றைப் பெற்றோர் வீட்டில் லீவு போடுபவரும் சம்பாதிப்பவரும் ஒரே ஆள். இது குடியாத்தத்தில் மட்டும் இருக்கிற நிலைமை இல்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை குடும்பங்களின் வேலை நிலையை ஆண்டுதோறும் கணக்கெடுத்து வெளியிடுகிறது. பிள்ளைகள் இருக்கும் தம்பதிக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டில் தாய் தந்தை இருவருமே வேலைக்குப் போகிறார்கள். வேலை செய்கிற அல்லது வேலை தேடுகிற தாய்மார்களின் விகிதம் கணவரோடு இருப்பவர்களைவிடத் துணையில்லாதவர்களிடம் அதிகம். வேலை கிடைக்காமல் தவிப்பவர்களின் விகிதமும் அவர்களிடமே அதிகம். வேலை அவர்களுக்கு விருப்பப் பாடம் இல்லை. கையில் இருக்கும் வேலையை இழக்காமல் வைத்திருப்பதுதான் கடினம். உங்கள் முடிவையும் அந்த இடத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

பீடி யோசனையைப் பார்ப்போம். அக்கா அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் வீட்டில் இருப்பதும் பிள்ளையோடு இருப்பதும் வேறு வேறு. இலையை நனைத்து, அளவுக்கு வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, முனை மடித்து 1,000 பீடி முடிக்க ஒரு முழுப் பகல் போதாது. கணக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்பதால் குனிந்த தலை நிமிராது. இலை சரியில்லை என்று கழித்தால் அதுவும் உங்கள் தலையில்தான். பிறகு நடப்பது உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எண்ணிக்கை குறையும் நாளில் “கொஞ்சம் முனை மடிச்சுக் கொடுடி” என்று மகளைக் கூப்பிடுவீர்கள். இப்போது சோறு வைக்கிறவள் அப்போது பீடியும் மடிப்பாள், புகையிலைத் தூளையும் சேர்த்து மூச்சில் இழுப்பாள்.

இழப்பது சம்பளத்தை மட்டுமல்ல. சம்பளம் 21,000 வரை இருப்பவர்களுக்கு உள்ள ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள். ஆறு மாதக் கணக்கில் 78 நாளுக்குப் பங்களிப்பு கட்டப்பட்டிருந்தால், நீங்கள் நோயில் விழும்போது வருடத்துக்கு 91 நாள் வரை சராசரிக் கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். பிள்ளைகளுக்கும் மருத்துவம் உண்டு. இன்னொரு சம்பளம் இல்லாத வீட்டில் அந்த இடத்தில் நிற்பது இதுதான். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) ஓய்வூதியத்துக்கு 10 வருடப் பணி வேண்டும். நீங்கள் ஏழு முடித்துவிட்டீர்கள். இப்போது வெளியேறி ஓய்வூதியக் கணக்கையும் சேர்த்துப் பணமாக எடுத்துவிட்டால் அந்த ஏழு வருடமும் போய்விடும். ஆகவே, வேலையை விட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அதற்காகச் சூப்பர்வைசர் பதவிக்கு உடனே தலையாட்டவும் வேண்டாம். ஒரு கணக்குப் போடுங்கள். இப்போது 26 நாள், எட்டு மணி நேரம் என்று வைத்தால் உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை 62 ரூபாய் 50 காசு. புதிய பதவியில் தினம் இரண்டரை மணி நேரம் கூட என்றால் மாதம் 65 மணி. 3,500 ரூபாயை அதில் வகுத்தால் மணிக்கு 54 ரூபாய்கூட முழுதாக வரவில்லை. சட்டப்படி ஓ.டி.க்கு இரட்டிப்புக் கூலி, அதாவது மணிக்கு 125. சூப்பர்வைசர் ஆனபின் பல கம்பெனிகள் ஓ.டி. தனியாகக் கொடுப்பதில்லை. பிள்ளைகளுக்கு மிகவும் தேவையான மாலை நேரத்தை உங்கள் பகல் நேரத்தைவிடக் குறைந்த விலைக்குக் கேட்கிறார்கள்.

அதற்காகப் பதவியே வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஏழு வருடத் திறமைக்குக் கிடைத்த மரியாதை அது. ஹெச்.ஆரிடம் இப்படிக் கேளுங்கள்: “பொறுப்பை ஏற்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 8 மணி வரை இருக்கிறேன், மற்ற நாள் பஸ்ஸுக்குப் போக வேண்டும். மூன்று மாதம் பார்த்துவிட்டுப் பேசலாம்.” அதற்கு ஒத்துவராவிட்டால், பொது ஷிப்டிலேயே செக்கிங் பிரிவில் உயர்வு உண்டா என்று கேளுங்கள். தாமதமாகும் நாளில் வீடு வரை வண்டி உண்டா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். இரவு 7 மணிக்கு மேல் பெண்களை வேலையில் நிறுத்த அவர்கள் சம்மதம் வேண்டும். மறுப்பது உங்கள் உரிமை. ஒத்துக்கொண்டதை வாய்வார்த்தையோடு விடாமல் எழுத்தில் வாங்குங்கள். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும் மாதத்தில் வாய்ப்பேச்சு நிற்காது.

இப்போது முக்கியமான விஷயம். 50 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அது ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. உங்கள் மகனுக்கு அந்த வயது தாண்டிவிட்டது. பள்ளி விடும் நேரத்துக்கும் கம்பெனி பஸ் வரும் நேரத்துக்கும் இடையே உள்ள அந்த இரண்டரை மணி நேரத்தைச் சட்டமும் கவனிக்கவில்லை, கம்பெனியும் கவனிக்கவில்லை. அது தானாக வந்து விழுந்த இடம் உங்கள் மகள்.

அந்த இடத்தில் ஒரு பெரியவரை உட்கார வைக்க வேண்டும். தெருவிலேயே நம்பிக்கையான ஒரு அக்காவோ பாட்டியோ இருந்தால் மாதம் 1,000 முதல் 1,500 வரை பேசிக் கொடுங்கள். சும்மா பார்த்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். இலவச உதவி இரண்டு மூன்று மாதத்தில் கசந்துவிடும். அவர் ஒரு நாள் முகம் சுளிப்பார், நீங்கள் வாய் திறக்க முடியாது, கடைசியில் எல்லாம் மறுபடி மகளிடமே வந்து சேரும். காசு கொடுத்தால் இரண்டு பக்கமும் பேச முடியும். என்ன வேலை என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்: பிள்ளைகள் வந்ததும் பால், ஏதாவது ஒரு தின்பண்டம், 6.30 வரை அவர் கண்பார்வையில் இருக்க வேண்டும். நீங்கள் வரும்வரை அடுப்பு பற்ற வைக்கக் கூடாது, கேஸ் ரெகுலேட்டர் மூடியே இருக்க வேண்டும். பாடம் சொல்லித் தருவது அவர் பொறுப்பு அல்ல. காய்ச்சல் நாளுக்கு மூன்று பேர் பெயரை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வருட லீவில் நான்கு நாளைத் தனியாக ஒதுக்குங்கள். திருவிழாவுக்கே எல்லாவற்றையும் கரைத்துவிட்டால் டிசம்பர் காய்ச்சலுக்குச் சம்பளம் வெட்டுத்தான்.

மகளைப் பற்றி. அவள் சோம்பேறி ஆகவில்லை, களைத்துப்போயிருக்கிறாள். வீட்டில் உதவி செய்வது பிள்ளைக்கு நல்லது. ஆனால் உதவி என்றால், அவள் செய்ய மறந்தாலும் வீடு ஓட வேண்டும். இப்போது அவள் மறந்தால் தம்பிக்குச் சோறில்லை, தெருவில் நின்றுகொண்டிருப்பான். அந்தப் பயத்தைத் தினமும் சுமக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வகுப்பில் தூங்குவதில் வியப்பில்லை. சமையலையும் தம்பியின் படிப்பையும் அவளிடமிருந்து எடுத்துவிடுங்கள். இரவுச் சோற்றை நீங்கள் வந்து வையுங்கள், எட்டு மணிக்குச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. துணி மடிப்பது போல ஒரே ஒரு வேலை அவளுக்குப் போதும். இதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: “இத்தனை நாள் நீ செய்ததெல்லாம் அம்மா வேலை. இனி அதை நான் பார்த்துக்கிறேன். அன்னிக்குத் திட்டினது தப்பு.” சொந்தக்காரர்கள் “நீதான் தம்பிக்கு இன்னொரு அம்மா” என்று புகழ்ந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தப் புகழ்ச்சியே அவளைக் கட்டிப்போடும் கயிறு.

வீடு வந்ததும் முதல் பத்து நிமிடம் கேள்வி கேட்காதீர்கள். சாப்பிட்டியா, எழுதினியா, பாத்திரம் ஏன் கிடக்கிறது என்று தொடங்கினால் அது லைனில் டார்கெட் கேட்பது போலத்தான் அவள் காதில் விழும். பக்கத்தில் உட்காருங்கள், தலை பின்னிவிடுங்கள். அவளாகப் பேசும்வரை சும்மா இருங்கள். முதல் வாரம் பேசாமல்கூட இருப்பாள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல தாய்மார்கள் இந்த இடத்தில்தான் மனம் உடைகிறார்கள். சுமையைக் குறைத்த பிறகு முதல் இரண்டு மூன்று வாரம் மகள் இன்னும் அதிகமாகக் கோபப்படலாம், அழலாம், தம்பியோடு சண்டை போடலாம். அடக்கி வைத்திருந்ததைக் காட்ட இப்போதுதான் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. “சலுகை கொடுத்தேன், தலைக்கு ஏறிவிட்டது” என்று பழையபடி மாற்றிவிடாதீர்கள். அப்பாவைப் பற்றிக் கேட்டால் உண்மையை அளவாகச் சொல்லுங்கள். அவரிடம் பணம் கேட்டுப் போன் பேசும் வேலையை மட்டும் அவளுக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

ஒரு மாதம் ஆன பிறகும் சாப்பாடு, தூக்கம், பள்ளி மூன்றிலும் மாற்றம் இல்லையென்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநலப் பிரிவிலோ காட்டுங்கள். செத்துப்போகலாம் என்பது போல ஒரு வார்த்தை சொன்னால் மாதக்கணக்கு பார்க்காமல் அன்றைக்கே போங்கள். 14416 மனநல உதவிக்கான அரசின் இலவச எண், தமிழில் எந்த நேரமும் பேசலாம். அது உங்களுக்கும்தான். தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் நீங்களும் பேசியே ஆக வேண்டும்.

பணத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது, நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. பிள்ளைகளுக்கான ஜீவனாம்சம். நீங்கள் சம்பாதிப்பதால் தந்தையின் கடமை தீர்ந்துவிடாது, விவாகரத்து ஆகியிருக்க வேண்டும் என்றும் இல்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவில் மனு போடலாம். பெங்களூர் போக வேண்டாம், நீங்கள் வசிக்கும் எல்லைக்கு உட்பட்ட நீதிமன்றமே போதும். வழக்கு நடக்கும்போதே இடைக்காலத் தொகையும் கேளுங்கள். இலவச சட்ட உதவி எண்ணான 15100-ஐ அழைத்தாலோ நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் குழுவுக்குப் போனாலோ வக்கீல் செலவில்லாமல் கிடைப்பார். பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது. திருமணச் சான்று அல்லது போட்டோ, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, உங்கள் சம்பளச் சீட்டு, செலவு ரசீதுகள், அவர் வேலை செய்யும் இடம், போன் எண், யாரிடம் வேலை பார்க்கிறார் என்ற விவரம் எல்லாம் ஒரு பையில் சேருங்கள். உத்தரவு வந்தும் அவர் கட்டவில்லை என்றால் பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட வேண்டும். “எப்படியும் தருவார்” என்று காத்திருந்து பலர் இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள்.

பி.எஃப். நாமினியாக இன்னும் கணவர் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெண் உறுப்பினர் எழுத்து மூலம் தெரிவித்துக் கணவரைக் குடும்பப் பட்டியலிலிருந்து விலக்க விதியில் இடம் உண்டு. பி.எஃப். உறுப்பினர்களுக்கான யு.ஏ.என். இணையதளத்தில் ஆதார் ஓ.டி.பி. கொடுத்துப் பிள்ளைகளை நாமினியாகச் சேர்க்கலாம். மைனர் என்பதால் பாதுகாவலர் பெயர் கேட்கும், உங்கள் அம்மாவோ அக்காவோ இருக்கலாம். கம்பெனி டைம் ஆபீசில் கேட்டால் வழி சொல்வார்கள்.

பக்கத்து வீட்டு ஏற்பாட்டை முதலில் முடியுங்கள், ஹெச்.ஆரிடம் அதற்குப் பிறகு போங்கள். மாலை நேரத்துக்கு ஆள் இருக்கிறது என்ற தெம்போடு பேசினால் வாரத்தில் எத்தனை நாள் நிற்க முடியும் என்பதை நீங்கள் சொல்லலாம்.

- ஆலோசகர்