வாழ்க்கைத்தரப் படிவத்தை யார் படிக்கிறார்கள்?: புற்றுநோய் சிகிச்சை குறித்த வாசகர் கேள்விகள்

தஞ்சாவூரில் கீமோ எடுத்துவரும் என் தந்தையிடம் முப்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை அடிக்கடி கொடுக்கிறார்கள். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் இருக்கும்போது இது எதற்கு? அவரை வைத்து ஆராய்ச்சி செய்கிறார்களா? (மன்னார்குடி)

கட்டி சுருங்கியதா என்பதை ஸ்கேன் காட்டும். இரவில் உறக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, தெருமுனை வரை நடக்க முடிகிறதா என்பதை அது காட்டாது. நீங்கள் குறிப்பிடுவது க்யூ.எல்.க்யூ.-சி30 என்ற வாழ்க்கைத்தரப் படிவமாக இருக்கலாம். ஐரோப்பியப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு ஒன்று உருவாக்கி 1993-இல் வெளியிட்ட அது, முதலில் மருந்து ஆய்வுகளுக்காகவே அமைந்தது என்பதால் உங்கள் ஐயம் இயல்பானதே. ஆனால் ஆய்வில் சேர்ப்பதென்றால் உங்கள் தந்தையிடம் தனியாக ஒப்புதல் பெற்றாக வேண்டும்.

அன்றாடச் சிகிச்சையில் இதனால் பயனுண்டா என்றால், உண்டு. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில், பரவிய நிலையிலிருந்த புற்றுநோயாளிகள் 766 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017-இல் வெளியானது. தங்கள் தொல்லைகளைக் கணினிவழித் தொடர்ந்து பதிவுசெய்தவர்களின் ஆயுள் இடைநிலை மதிப்பாக (அதாவது பாதிப்பேர் அதைவிடக் கூடுதலாக வாழ்ந்த காலம்) 31.2 மாதங்களாகவும், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதங்களாகவும் இருந்தது. அங்கே ஒருவரின் தொல்லை கடுமையானதும் செவிலியருக்குத் தகவல் போயிற்று என்பதை மறக்கக் கூடாது. கேள்வி கேட்டதனால் மட்டும் யாருக்கும் ஆயுள் கூடிவிடாது. ஆகவே, நிரப்பிய தாளை அன்றைய தினமே மருத்துவர் பார்க்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்காக நானே நிரப்பலாமா? மருத்துவரிடம் "ஒண்ணுமில்லீங்க, நல்லா இருக்கேன்" என்றே சொல்லிவிடுகிறார். (திருவாரூர்)

வரிக்கு வரி படித்துக் காட்டலாம். விடையை அவர்தான் சொல்ல வேண்டும். உடனிருப்பவர்கள் நோயாளியின் மனவேதனையைக் கூடுதலாக மதிப்பிடுவதும், மருத்துவர்கள் உடல் தொல்லைகளைக் குறைத்து மதிப்பிடுவதும் பல ஆய்வுகளில் கண்டவை. மகனோ மகளோ பக்கத்தில் இருக்கும்போது, குறிப்பாகப் பணக்கஷ்டம் பற்றிய கேள்விக்கு, தாய்மார்கள் உண்மையைச் சொல்லத் தயங்குவார்கள். எனவே செவிலியர் ஒருவர் தனியே அமர்ந்து கேட்டால் நல்லது. "நல்லா இருக்கேன்" என்பவரிடம் "போன ஒரு வாரத்தில் வாந்தி வந்ததா, கொஞ்சமா, அதிகமா?" என்று கேட்டால் வேறு பதில் வரும், படிவத்தின் கேள்விகள் பெரும்பாலும் கடந்த ஒரு வாரத்தை மட்டும் பற்றியவையாக இருப்பது அதனால்தான் வசதி.

மோசமாகக் குறித்தால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ? (பட்டுக்கோட்டை)

படிவத்தை மட்டும் வைத்து யாரும் நிறுத்துவதில்லை. மருந்தின் அளவைக் குறைக்கலாம், சில நாள் தள்ளிவைக்கலாம், வலிக்கும் வாந்திக்கும் வேறு மருந்து தரலாம். மறைத்தால் இவை எதற்கும் வழியில்லாமல் போகும்.

மார்பகப் புற்றுநோய்க்கு பாக்லிடாக்ஸல் ஏற்றியபின் பாதம் மரத்திருக்கிறது. நடவுக்குப் போகிறவள் நான். படிவத்தில் இதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லையே? (பாபநாசம்)

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். அந்த முப்பதில் மரத்துப்போதல் இல்லை; அதற்கெனத் தனிப் படிவம் உண்டு. கனமான பையைத் தூக்குவது பற்றிக் கேட்கும் படிவத்துக்குச் சேற்றில் குனிந்து நிற்பது தெரியாது. ஆனாலும் சொற்களை நம் விருப்பத்துக்கு மாற்றக் கூடாது. மாற்றினால் பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிட முடியாது. தாளின் ஓரத்தில் எழுதுங்கள், அல்லது மருத்துவரிடம் வாய்விட்டே சொல்லுங்கள். இந்த மருந்து நரம்பைப் பாதிக்கக்கூடியது என்பதால், அடுத்த முறை ஏற்றுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்தாக வேண்டும். மரத்த காலில் நத்தை ஓடு கீறினாலும் தெரியாது. எனவே வெறுங்காலோடு வயலில் இறங்குவதை இப்போதைக்குத் தவிர்த்து, தினமும் மாலையில் உள்ளங்காலைப் பாருங்கள்.

நான் செவிலியர். நோயாளி ஒருவருக்குப் படிவத்தில் சென்ற மாதம் சோர்வு மதிப்பெண் 33, இம்மாதம் 56. இது கவலைக்குரியதா? (கும்பகோணம்)

ஆம். 0 முதல் 100 வரையான இந்த அளவையில் 5 முதல் 10 வரையான மாற்றத்தைச் சிறியது என்றும், 20-க்கு மேற்பட்டதைப் பெரியது என்றும் கொள்வது வழக்கம். சோர்வு, வலி போன்ற தொல்லைகளில் எண் கூடினால் நிலை மோசம். உடல் இயக்கம் போன்ற செயல்திறன்களில் கூடினால் நன்மை. புதியவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். மற்றொன்று: தூக்கமின்மை, பசியின்மை ஆகியவற்றுக்கு ஒரே கேள்விதான் உண்டு, "கொஞ்சம்" என்பது "அதிகம்" என்று ஒரு படி மாறினாலே 33 கூடிவிடும். அத்தகைய இடத்தில் எண்ணை விட்டுவிட்டு ஆளைக் கேளுங்கள். இவருக்கு ரத்தசோகை உண்டா, உறக்கம் கெட்டதா, மனச்சோர்வா என்று பார்த்து, மருத்துவரிடம் தாளைக் காட்டிவிடுங்கள். கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் முப்பது கேள்விக்கு நேரமில்லையெனில், வலி, சோர்வு, குமட்டல் போன்றவற்றை 0 முதல் 10 வரை குறிக்கும் எட்மன்டன் படிவத்தைப் பயன்படுத்துங்கள். கோப்பில் உறங்கும் முப்பதைவிட, படிக்கப்படும் பத்து மேல் என்பது என் கருத்து.

கீமோ முடிந்து வீட்டில் இருக்கும்போது காய்ச்சல் வந்தால் அடுத்த முறை படிவத்தில் குறித்தால் போதுமா? (மயிலாடுதுறை)

போதவே போதாது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ இருந்தால் இரவானாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; கீமோ எடுத்தவர் என்பதை நுழைந்ததும் சொல்லுங்கள்.